ஒரு கிலோவே தான்

இரவு பன்னிரண்டு இருபதுக்கு விமானம் என்றால்
முந்தின நாளே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.
இதை மீனம்பாக்கத்தில் கற்றுக்கொண்டேன்,
பதினேழாம் தேதி டிக்கெட்டோடு
பதினேழாம் தேதி ராத்திரி பத்தரைக்குப் போய் நின்று.
வாசல் காவலர் இரண்டு தடவை படித்துவிட்டு
"மேடம், இது போயிடுச்சு" என்றார்,
துக்க வீட்டில் குரலைத் தாழ்த்துகிற மாதிரி.

எழும்பூர் வண்டிக்கு சென்ட்ரலில் காத்திருந்ததும் உண்டு.
நடுவில் இருப்பது ரெண்டு கிலோமீட்டர்.
என் முகத்தைப் பார்த்ததுமே
ஆட்டோக்காரர் முன்னூறு என்றார்.
முகத்தை மாற்றிக்கொண்டு பேரம் பேசுங்கள்.
எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

ரயிலில் படுக்கும்போது
இடது செருப்பை ஒரு சீட்டுக்கு அடியிலும்
வலதை எதிர்ச் சீட்டுக்கு அடியிலும் தள்ளிவிடுங்கள்.
ஒற்றைச் செருப்பை யாரும் திருடுவதில்லை.
நல்ல யோசனைதான்.
சேலத்தில் அதிகாலை மூன்றேகாலுக்கு
வலது எங்கே என்று தேடுவதற்குள்
வண்டி நகர ஆரம்பித்தது.
அன்று கொலுசுப் பட்டறைக்குள்
லாட்ஜ் பாத்ரூம் செருப்போடு போனேன்,
நீலம், ரெண்டுமே இடது கால்.

வேளச்சேரியில், அதுவும் தரைத்தளத்தில் குடியிருந்தால்
ஐப்பசி பிறந்ததும் பயணப்பையை
பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

தராசுகள் சரி சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.
மருந்துக் கம்பெனி, நகைப் பட்டறை, எப்போதாவது பல்கலைக்கழகம்.
அதனால் பையில் துணிக்கு நடுவே
மரப்பெட்டியில், வெல்வெட் குழியில்
ஒரு எடைக்கல் தூங்கிக்கொண்டு வரும்.
வெறும் கையால் தொடக் கூடாது.
வியர்வைக்கும் எடை உண்டு.

ஸ்கேனரில் அது கன்னங்கரேலென்று தெரிந்திருக்க வேண்டும்.
பெல்ட் நின்றது.
சட்டையில் போரா என்று பெயர் குத்தியிருந்த அதிகாரி
பெட்டியைத் திறந்தார்.
"என்ன இது?"
"ஒரு கிலோ."
"எதில் ஒரு கிலோ?"
"எதிலும் இல்லை சார். ஒரு கிலோவே தான்."
எனக்குப் பின்னால் பெல்ட்டைக் கழற்றிப் பிடித்தபடி நின்றவர்
பேன்ட்டையும் மறந்து சிரித்தார்.

நான் கையுறையை எடுப்பதற்குள்
போரா அதை எடுத்துவிட்டார்.
உள்ளங்கையில் வைத்து, ஏற்றி இறக்கி,
மாம்பழம் வாங்குகிறவரைப் போல
தன் கையிடம் கேட்டுப் பார்த்தார்.
"சரியாத்தான் இருக்கு" என்று கொடுத்தார்.

சரியாக இல்லை.
அந்தக் கல்லால் அன்று எதையும் நிறுக்க முடியாது என்று
ஹைதராபாத்துக்குப் போன் செய்துவிட்டு
வந்த வழியே கிண்டிக்குத் திரும்பினேன்.
(இன்னொன்று: மெட்ரோ கார்டில் எப்போதும் திரும்பி வரவும் பணம் வையுங்கள்.)
ஜெசிந்தா அதை இடுக்கியால் தூக்கி
கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தாள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.
அரை மில்லிகிராமுக்கும் கீழே, ஒரு கை.
சாப்பாட்டு எண்ணெயோ, ரப்பர் தட்டின் பிசுக்கோ,
எங்கிருந்தோ இங்கே மாற்றலாகி வந்த ஒரு மனிதரின்
காலை ஷிஃப்டு.
துடைக்க நாலு நிமிடம் ஆனது.
துடைக்கும் முன்பு அந்த எண்ணை
ரிஜிஸ்டரில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.
எந்தக் கட்டத்திலும் பொருந்தாத எண்.

அடுத்த மாதமும் அதே வரிசைதான், அதே போரா.
பெல்ட் நின்றது.
"ஒரு கிலோ மேடம்" என்றார்.
பெட்டியை என்னையே திறக்கச் சொல்லிவிட்டு
கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
குனிந்து பார்த்தார்,
ஆஸ்பத்திரித் தொட்டிலில்
பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி.
நானும் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன் போல.
வாட்ச்சை ட்ரேயிலேயே விட்டிருக்கிறேன்.
ஹைதராபாத்தில் இறங்கி
மணி பார்க்கக் கையைத் திருப்பியபோதுதான் தெரிந்தது.